ஒரே பதவிப்பெயர், ஏழெட்டு வேலைகள்: ஆன்லைன் பாட வடிவமைப்புக்குள் நுழைபவர்களுக்கு

இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் (பாட வடிவமைப்பாளர்) வேலைக்கு வரும் விளம்பரங்களில் ஐந்தாறை வரிசையாக வைத்துப் படித்துப் பாருங்கள், தலை சுற்றும். ஒன்றில் பேராசிரியர்களோடு உட்கார்ந்து பாடத்திட்டம் வகுக்கத் தெரிய வேண்டும். அடுத்ததில் ஸ்டோரிலைன் என்ற பாடம் கட்டும் மென்பொருளில் மளமளவென்று பாடம் கட்டத் தெரிய வேண்டும். இன்னொன்றில் எல்எம்எஸ் (பாடங்களை ஏற்றி, கற்பவரின் முன்னேற்றத்தைப் பதியும் தளம்) நிர்வாகம், வேறொன்றில் வீடியோ எடிட்டிங், மற்றொன்றில் திட்ட மேலாண்மை. தலைப்பு மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இதில் குழம்பிப்போகும் புதியவர்கள் பெரும்பாலும் கையில் கிடைத்த மென்பொருளைப் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பொத்தான்கள் எல்லாம் பழகிய பிறகும் எதைக் கட்டுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

கீழே வரும் பத்துப் படிகளில் மென்பொருளை ஏழாவது படிக்குத் தள்ளி வையுங்கள் என்பது என் யோசனை. பாட வடிவமைப்பாளர் எந்த வேடத்தில் இருந்தாலும் அவர் கையில் இருக்கும் முடிவு ஒன்றுதான்: பாடம் முடிந்ததும் கற்பவர் என்ன செய்யவேண்டும், அதற்கு உதவாதது எது. அந்த முடிவை எடுக்கப் பழகினால் எந்த வேடத்துக்கும் மாறிக்கொள்ளலாம்.

பழகுவதற்குச் சுருக்கமான வழி, ஒரு சின்னப் பாடத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே செய்து பார்ப்பது. இங்கே ஒரு கற்பனை வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனத்தில் ஊழியர்கள் போலி மின்னஞ்சல்களை நம்பி இணைப்புகளைச் சொடுக்கிவிடுகிறார்கள். "இதற்கு ஒரு ஆன்லைன் பாடம் செய்து கொடுங்கள்" என்று கேட்கிறார்கள்.

படி 1: விளம்பரத்தின் வினைச்சொற்களைப் பாருங்கள்

பதவிப்பெயரை விட்டுவிட்டு, விளம்பரத்தில் உள்ள வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். "தேவையை ஆராய", "துறைத் தலைவர்களுடன் கலந்து பேச" என்று வந்தால் அது ஆலோசகர் வேலை. "ஸ்டோரிபோர்டு (திரைவாரியான பாட வரைவு) எழுத", "ஸ்கிரிப்ட் தயாரிக்க" என்றால் எழுத்தாளர். ஸ்டோரிலைன், கேப்டிவேட், எச்டிஎம்எல் என்று கருவிகளின் பட்டியலே நீண்டால் அவர்கள் தேடுவது டெவலப்பரை. "பதிவேற்ற", "பயனர் கணக்குகளைப் பராமரிக்க" என்பது எல்எம்எஸ் நிர்வாகி. இவை போகத் தரச் சோதனை, அணுகல்தன்மைச் சோதனை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்ப்பது), கற்றல் தரவு ஆய்வு ஆகியவை பெரிய நிறுவனங்களில் தனித்தனி ஆட்களிடம் இருக்கும். சிறிய இடங்களில் அத்தனையும் ஒருவர் தலையில்.

இன்னொரு பெரிய பிரிவு: கல்லூரி, பல்கலைக்கழகம் ஒரு பக்கம், நிறுவனப் பயிற்சி மறுபக்கம். பல்கலைக்கழகத்தில் பாடத்துக்கு உரிமையாளர் பேராசிரியர். நீங்கள் அவருக்குத் துணை. பருவம் முழுவதும் நீளும் பாடத்தை வாரங்களாகப் பிரிப்பது, விவாதங்களுக்கும் ஒப்படைப்புகளுக்கும் வடிவம் கொடுப்பது, மதிப்பெண் அளவுகோல் எழுதுவது இவைதான் அங்கே அன்றாடம். நிறுவனத்திலோ அரை மணி நேரத் தொகுதி ஒன்று, அதன் பின்னால் ஒரு வணிக இலக்கு, அதற்கு ஒரு கெடுநாள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனால் வேகம், பேச்சுமுறை, யாருடைய சொல் இறுதியானது என்பது எல்லாமே மாறும். உங்கள் இயல்புக்கு எது ஒத்துவரும் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

படி 2: பாடம் தேவைதானா என்று கேளுங்கள் (ஆலோசகர்)

கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டால் நல்ல பெயர் கிடைக்கும் என்று தோன்றும். முதலில் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். எந்தப் பிரிவில் அதிகம் சொடுக்குகிறார்கள்? எந்த மாதிரி மின்னஞ்சலை நம்புகிறார்கள்? கைபேசியில் பார்க்கும்போதா, கணினியிலா? சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியுமா?

பதில்கள் சில சமயம் பாடத்தையே பாதியாக்கிவிடும். கைபேசிச் செயலியில் அனுப்புநரின் முழு முகவரி தெரிவதில்லை, புகார் செய்யப் பொத்தானும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஊழியரின் அறியாமையைவிட அவர் கையில் கொடுத்த கருவிதான் குறை. எத்தனை மணிநேரப் பாடம் நடத்தினாலும் இல்லாத பொத்தானை அழுத்த முடியாது. இதைப் பணிவாக, எழுத்தில் சொல்லுங்கள்: "பொத்தானைத் தொழில்நுட்பப் பிரிவு சேர்த்துவிட்டால், பாடத்தில் அடையாளம் காண்பதை மட்டும் கற்பித்தால் போதும்." தெரியாமல் செய்கிறார்களா, தெரிந்தும் செய்ய முடியவில்லையா, செய்ய மனமில்லையா? இந்த மூன்றில் முதலாவதற்குத்தான் பாடம் மருந்து.

வெற்றியை எப்படி அளப்பது என்பதையும் இந்தக் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். பாடம் வெளியான பிறகு அளவுகோல் தேடினால், கைக்கு எட்டுவது "எத்தனை பேர் முடித்தார்கள்" என்ற எண்ணிக்கை மட்டுமே.

படி 3: நோக்கத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

"போலி மின்னஞ்சல்களைப் பற்றிப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் அதை யாராலும் சோதிக்க முடியாது. பயிற்சி வல்லுநர் ராபர்ட் மேகர் 1962-ல் சொன்ன மூன்று உறுப்புகள் இன்றும் உதவும்: கற்பவர் செய்யும் செயல், அதைச் செய்யும் சூழல், போதும் என்று ஏற்கும் அளவு. நம் பாடத்துக்கு இப்படி வரும்: "அன்றாடம் வரும் மாதிரியில் பத்து மின்னஞ்சல்களைக் கொடுத்தால், பிறர் உதவியின்றி, போலியான எதிலும் இணைப்பைத் திறக்காமல், எல்லாப் போலிகளையும் புகார் செய்வார்."

கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழு 1956-ல் வெளியிட்ட கற்றல் படிநிலைகளும், 2001-ல் அவை திருத்தப்பட்டு வந்த நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், மதிப்பிடல், படைத்தல் என்ற வரிசையும் நேர்காணலில் வரக்கூடும், தெரிந்துவைத்திருங்கள். ஆனால் படிநிலைக்கு ஏற்ற வினைச்சொல் பட்டியலைப் பார்த்து ஒரு சொல்லைப் பொறுக்கி ஒட்டுவதால் நோக்கம் சரியாகிவிடாது. வேலையிடத்தில் அந்த மனிதர் உண்மையில் என்ன செய்வார் என்று கேட்டால் வினைச்சொல் தானே வந்துவிடும்.

படி 4: தேர்வை முதலில் எழுதுங்கள்

பாடத்தை எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் ஐந்து கேள்விகளை ஒட்டவைப்பது பரவலான பழக்கம். தலைகீழாகச் செய்யுங்கள். நோக்கம் எழுதிய கையோடு தேர்வை எழுதிவிட்டால், உள்ளடக்கத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்பது பளிச்சென்று தெரியும். நம் தேர்வு பத்து மின்னஞ்சல்கள் என்றால், போலி மின்னஞ்சலின் வரலாறு தேர்வில் எங்கும் வரவில்லை. வரலாற்றுத் திரையை எடுத்துவிடலாம்.

கொள்குறி வினா எழுதும்போது தவறான விடைகளில்தான் திறமை தெரியும். அவை உண்மையில் மனிதர்கள் செய்யும் தவறுகளாக இருக்க வேண்டும். யாரும் தொடாத அபத்தமான நான்காவது விடையை இட்டு நிரப்பத் தேவையில்லை. பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005-ல் வந்த ஓர் ஆய்வும் பெரும்பாலான வினாக்களுக்கு மூன்று விடைகளே போதும் என்கிறது.

வினாக்களை இடையிடையே தூவுவதற்கும் காரணம் இருக்கிறது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் நடத்திய சோதனையில், மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஆக, வினா என்பது கற்றலை அளப்பதோடு நிற்பதில்லை. கற்றலில் ஒரு பகுதி அதிலேயே நடக்கிறது.

படி 5: துறை வல்லுநரோடு உட்காருங்கள்

பயிற்சி வகுப்புகளில் அதிகம் சொல்லித்தராத, வேலையில் அதிக நேரம் பிடிக்கும் பகுதி இது. பாதுகாப்புப் பிரிவின் வல்லுநர் உங்களுக்கு எண்பது ஸ்லைடுகள் அனுப்புவார். எல்லாமே முக்கியம் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வேலைக்கு எல்லாம் முக்கியம்தான். கணக்குப் பிரிவு ஊழியருக்கு அதில் எத்தனை வேண்டும் என்பதைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

"என்ன கற்பிக்க வேண்டும்?" என்று அவரிடம் கேட்காதீர்கள், எண்பது ஸ்லைடுகளும் திரும்ப வரும். "கடைசியாக நடந்த இரண்டு மூன்று சம்பவங்களைச் சொல்லுங்கள், யார் எந்த இடத்தில் ஏமாந்தார்?" என்று கேளுங்கள். கதை வரும். கதைக்குள் சூழ்நிலை, தவறு, விளைவு மூன்றும் இருக்கும். உங்கள் பாடத்துக்குத் தேவையானது அதுதான்.

அடுத்து, ஒரு மின்னஞ்சலை அவர் முன் வைத்து, பார்த்துக்கொண்டே வாய்விட்டுப் பேசச் சொல்லுங்கள். நீண்ட நாள் பழகியவர்களுக்குத் தாங்கள் எதைப் பார்த்து முடிவெடுக்கிறோம் என்பதே தெரியாது. "பார்த்தாலே தெரியும்" என்பார்கள். பேசவிட்டால்தான் அவர் கண் முதலில் அனுப்புநர் முகவரிக்குப் போகிறது, பிறகு அவசரப்படுத்தும் சொற்களுக்குப் போகிறது என்பது வெளியே வரும். அந்த வரிசையே உங்கள் பாடத்தின் எலும்புக்கூடு.

அவர் விட்டுக்கொடுக்க மறுக்கும் பகுதிகள் இருக்கும். சண்டை போடாமல், "கூடுதல் வாசிப்பு" என்று ஒரு ஆவணத்தைத் தனியே இணையுங்கள். பெரும்பாலும் அதோடு அமைதியாகிவிடுவார். சட்டப்படி இடம்பெற வேண்டியவை என்று அவர் சொல்பவற்றை மட்டும் கேள்வி கேட்காமல் வெட்டாதீர்கள். எந்த விதி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் பேசி முடிவானதை நாலு வரியில் அனுப்புங்கள். ஸ்டோரிபோர்டுக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் கட்டத் தொடங்காதீர்கள். ஆவணத்தில் ஒரு வரியை மாற்ற ஒரு நிமிடம். குரல் பதிவு, அசைவு, தலைப்புவரி (சப்டைட்டில்) எல்லாம் சேர்ந்த பிறகு அதே வரியை மாற்ற அரை நாள் போகலாம். பேராசிரியரோடு வேலை செய்யும்போது இதே வேலையை இன்னும் மென்மையாகச் செய்ய வேண்டும். "வெட்டலாம்" என்ற சொல்லுக்குப் பதில் "இந்த வாரம் மாணவர் இதை எங்கே பயன்படுத்துவார்?" என்று கேளுங்கள். வெட்டுவதை அவரே செய்வார்.

படி 6: ஸ்டோரிபோர்டு எழுதுங்கள் (எழுத்தாளர்)

ஒவ்வொரு திரைக்கும் என்ன தெரியும், என்ன கேட்கும், கற்பவர் என்ன செய்வார், செய்தால் என்ன ஆகும் என்று எழுதுவதே ஸ்டோரிபோர்டு. சாதாரண ஆவணத்தில் அட்டவணை போட்டால் போதும். நம் பாடத்தில் ஒரு திரை இப்படி இருக்கலாம்:

> திரை 4
> திரையில்: சம்பளப் பிரிவிலிருந்து வந்ததுபோல் ஒரு மின்னஞ்சல். "இன்று மாலைக்குள் வங்கி விவரத்தை உறுதிசெய்யவும்." அனுப்புநர் முகவரியில் நிறுவனப் பெயரோடு ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறது.
> குரல்: இல்லை.
> கற்பவர் செய்வது: இணைப்பைத் திற / அழித்துவிடு / புகார் செய்.
> "திற" என்றால்: உள்நுழைவுப் பக்கம் ஒன்று தோன்றும். பிறகு அனுப்புநர் முகவரி பெரிதாகி, கூடுதல் எழுத்து அடிக்கோடிடப்படும்.
> "அழித்துவிடு" என்றால்: "நீங்கள் தப்பித்தீர்கள். இதே மின்னஞ்சல் உங்கள் பிரிவில் மற்றவர்களுக்கும் போயிருக்கிறது."
> டெவலப்பருக்கு: சுட்டியை வைத்தால் முழு முகவரி தெரிய வேண்டும், விசைப்பலகையிலும் இது நடக்க வேண்டும்.

"தவறு, மீண்டும் முயல்க" என்று இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தேர்ந்தெடுத்ததன் விளைவையே காட்டுவதுதான் நல்ல பின்னூட்டம்.

இந்தப் படிகளின் வரிசைக்குத் துறையில் ஒரு பெயர் உண்டு. பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறை, மதிப்பீடு என்ற ஐந்து கட்டங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஏ-டி-டி-ஐ-இ என்பார்கள். அமெரிக்க ராணுவத்துக்காக 1975-ல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒவ்வொரு கட்டத்தையும் முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகவேண்டும் என்று அதைக் கண்டிப்பாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வேலையில் அப்படி நடப்பதில்லை. ஒரு திரையை அரைகுறையாகக் கட்டி இரண்டு பேரிடம் காட்டி, திருத்திவிட்டு மேலே போவது நல்லது; மைக்கேல் ஆலன் முன்வைத்த சாம் என்ற முறை இந்தச் சுற்றுவழியைத்தான் சொல்கிறது.

படி 7: இப்போது மென்பொருள் (டெவலப்பர்)

கையில் காசு செலவழிக்காமல் தொடங்க எச்5பி என்ற கருவி நல்லது. திறமூலம், மூடில் என்ற எல்எம்எஸ்ஸுக்குள்ளேயே இருக்கிறது. கிளைபிரியும் சூழ்நிலைகளும் இடையில் வினா வரும் வீடியோக்களும் செய்யலாம். நிறுவன வேலைக்குப் போவதானால் ஆர்டிகுலேட் நிறுவனத்தின் ஸ்டோரிலைனும் ரைஸும் அதிகம் கேட்கப்படும். இரண்டுக்கும் சோதனைக் காலம் உண்டு. ஸ்டோரிபோர்டு தயாரான பிறகு அதைத் தொடங்குங்கள், அதற்கு முன் தொடங்கினால் நாட்கள் வீணாகும்.

திரையை அமைக்கும்போது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளிலிருந்து இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். குரல் சொல்வதையே திரையிலும் வரிக்கு வரி எழுதாதீர்கள். கண்ணும் காதும் ஒரே சொற்களோடு மல்லுக்கட்டும். பாடத்துக்குத் தொடர்பில்லாத அழகுப் படங்களைப் போடாதீர்கள். காது கேளாதவர்களுக்கான தலைப்புவரி வேறு விஷயம். அதை வேண்டியவர் இயக்கிக்கொள்ளும்படி வையுங்கள். வீடியோ என்றால் சுருக்கமாக. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து 2014-ல் வந்த ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களில்தான் மாணவர்கள் அதிகம் தங்கினார்கள் என்று காட்டியது.

பாடத்தை எல்எம்எஸ்ஸுக்கு ஏற்ற பெரும்பாலும் ஸ்கார்ம் (பாடமும் எல்எம்எஸ்ஸும் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான தரநிலை) பொதியாக ஏற்றுமதி செய்வீர்கள். 2001-ல் வந்த ஸ்கார்ம் 1.2 இன்னும் பரவலாக ஓடுகிறது. அதில் ஒரு பொறி இருக்கிறது: கற்பவர் எங்கே நிறுத்தினார் என்பதைச் சேமிக்க 4,096 எழுத்துகளுக்கே இடம். நீளமான பாடத்தில் அது நிரம்பினால், விட்ட இடத்திலிருந்து தொடர முடியவில்லை என்று புகார் வரும். எல்எம்எஸ் நிர்வாகியும் டெவலப்பரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். ஸ்கார்ம் 2004-ன் பிந்தைய பதிப்புகளில் இடம் பெரிது. பாடத்தைச் சிறு தொகுதிகளாகப் பிரிப்பது அதைவிட நல்ல தீர்வு. எல்எம்எஸ்ஸுக்கு வெளியே நடக்கும் செயல்களையும் பதிவு செய்ய வேண்டுமென்றால் எக்ஸ்ஏபிஐ என்ற தரநிலை இருக்கிறது. முதல் பாடத்துக்கு அது வேண்டாம்.

மூலக் கோப்புகளைப் பத்திரமாக வையுங்கள். பழைய பாடங்கள் பலவற்றை இயக்கிய ஃபிளாஷ் மென்பொருள் 2020 முடிவில் நின்றபோது, ஏற்றுமதி செய்த பொதி மட்டும் வைத்திருந்தவர்கள் பழைய பாடங்களை முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது.

படி 8: உடைத்துப் பாருங்கள் (தரச் சோதனையாளர்)

சுட்டியை ஒதுக்கிவிட்டு விசைப்பலகையால் மட்டும் பாடத்தை முடிக்க முயலுங்கள். டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல்தன்மை நெறிமுறையின் ஏஏ நிலைப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். அளக்க இலவசக் கருவிகள் உண்டு. சரி, தவறு என்பதைப் பச்சை, சிவப்பு நிறங்களால் மட்டும் காட்டாதீர்கள். கைபேசியில் ஒருமுறை, மெதுவான இணையத்தில் ஒருமுறை, பாதியில் மூடித் திறந்து ஒருமுறை.

படி 9: மனிதர்களிடம் கொடுத்துப் பாருங்கள்

இலக்கு வாசகர்களில் மூன்று முதல் ஐந்து பேர் போதும். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், உதவி செய்யாதீர்கள். அவர்கள் தயங்கும் இடம் உங்கள் திருத்தப் பட்டியல்.

வெளியான பின், பயிற்சி மதிப்பீட்டு அறிஞர் டொனால்ட் கர்க்பாட்ரிக் 1959-ல் வகுத்த நான்கு நிலைகள் வழிகாட்டும்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்கு விளைவு வந்ததா. முதல் நிலையைக் கருத்துப் படிவம் சொல்லிவிடும், அதனாலேயே பலர் அங்கே நின்றுவிடுகிறார்கள். நம் பாடத்துக்கு மூன்றாம் நிலையை அளப்பது எளிது. சில வாரங்கள் கழித்துப் பாதுகாப்புப் பிரிவு சோதனைக்காக அனுப்பும் போலி மின்னஞ்சலை எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்று கேட்டால் போதும். இரண்டாம் படியில் இதற்கு ஒப்புக்கொள்ள வைத்திருந்தால் இப்போது தரவு கையில் இருக்கும். பழைய எண்ணிக்கையையும் மறக்காமல் வாங்கி வையுங்கள். ஒப்பிட ஒன்றும் இல்லாத எண் எதையும் நிரூபிக்காது.

படி 10: போர்ட்ஃபோலியோவாக (வேலை மாதிரித் தொகுப்பாக) மாற்றுங்கள்

இந்த ஒரு பாடத்தைச் செய்து முடிக்கும்போது எந்தப் படியில் நேரம் போனதே தெரியவில்லை, எந்தப் படியைத் தள்ளிப்போட்டீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். விண்ணப்பிக்கும் வேடத்தை அதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். வல்லுநரோடு பேசியது பிடித்திருந்தால் ஆலோசகர் அல்லது பல்கலைக்கழக வேலை. திரை 4-ஐ எழுதியது பிடித்திருந்தால் ஸ்டோரிபோர்டு. பொதி ஏன் உடைகிறது என்று இரவு வரை துருவினீர்கள் என்றால் டெவலப்பர்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஸ்கிரிப்ட்டின் முதல் வரைவு, வினாக்கள், குரல் எல்லாவற்றையும் நிமிடங்களில் தருகின்றன. தேவையான இடத்தில் பயன்படுத்துங்கள். அவை தரும் வினாக்களில் தவறான விடைகள் பொதுப்படையாக இருக்கும், உண்மைகளில் பிழையும் வரும். வல்லுநரிடம் காட்டாமல் ஒன்றையும் ஏற்றாதீர்கள். பாடம் தேவைதானா என்று கூட்டத்தில் கேட்கும் வேலையும், எண்பது ஸ்லைடுகளை வைத்திருப்பவரைச் சமாதானப்படுத்தும் வேலையும் இன்னும் உங்களிடம்தான் இருக்கின்றன. சம்பளம் கூடுதலாகக் கிடைப்பதும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

போர்ட்ஃபோலியோவில் பத்துப் பாடங்களின் பளபளப்பான திரைகளைவிட, ஒரே பாடத்தின் முழுப் பாதை நல்லது: கேட்ட கேள்விகள், நோக்கம், ஸ்டோரிபோர்டின் இரண்டு பக்கங்கள், ஓடும் பாடம், சோதனைக்குப் பின் மாற்றியவை. வேறு நிறுவனத்துக்குச் செய்த வேலையை அனுமதியின்றிப் போடாதீர்கள். கற்பனைத் திட்டமென்றால் கற்பனை என்றே குறிப்பிடுங்கள். பாடத்திலிருந்து எடுத்துவிட்டவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றையும் ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். "இதை ஏன் சேர்க்கவில்லை?" என்று நேர்காணலில் கேட்டால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.